செங்கல்வராயன் வெட்டிய ஏரி

செங்கல்வராயன் என்ற பெயரைச் சித்தூரில் ஒருவரும் முழுசாகச் சொன்னதில்லை. நகரிப் பக்கத்துக் கிராமத்தில், திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை என்று அவருடைய நைனா ஆசையாக வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு வாத்தியார் அதைச் ‘சங்கர்’ ஆக்கினார். ரேஷன் கார்டில் ‘செங்கலராவ்’ ஆனது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் ‘செங்கல் சார்’ என்று கூப்பிட்டார். அவர் முன்பு செங்கல் சூளை வைத்திருந்தவர் என்று அந்த ஆள் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்ததாகப் பிறகு தெரியவந்தது.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வேலூர், திருத்தணி, புத்தூர், திருப்பதி, குப்பம் என்று தெலுங்கில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொல்லிச் சொல்லியே தலை நரைத்தது. குரலில் ஒரு கனம் உண்டு. கேட்டால் நம்பத் தோன்றும். புறப்படாத பஸ்ஸைப் புறப்படுகிறது என்று அவர் வாய்தவறி அறிவித்த நாளில்கூட ஜனங்கள் ஓடிப்போய் ஏறி உட்கார்ந்துகொண்டு, டிரைவரைத்தான் திட்டினார்கள்.

இப்படி ஆயுசு முழுக்க ஊர்ப் பெயர்களைச் சொல்லிவந்த மனிதருக்குத் தன் பெயரை ஏதாவது ஒரு பலகையில் எழுத்துப் பிசகாமல் பார்க்கவேண்டும் என்று ஒரு ஆசை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவருக்கே தெரியும். அவரே யோசித்துப் பார்த்துப் பலமுறை சிரித்திருக்கிறார். ஆனால் ஆசை, சிரித்தால் போய்விடுகிற சாதி இல்லை.

வேலூர் ரோட்டிலிருந்து பிரிந்து மேலே ஏறும் புதுக் காலனியில் அவர் வீடு கட்டியிருந்தார். ஸ்கூட்டரை முதல் கியரில் போட்டால்தான் வீடு வந்து சேரலாம். நாலைந்து வீதிகள் இருந்தன, எதற்கும் பெயர் இல்லை. ‘டிரான்ஸ்ஃபார்மர் வீதி’, ‘நாய் கடிக்கிற வீடு இருக்கிற வீதி’ என்றுதான் அடையாளம் சொல்லிக்கொண்டார்கள். கார்ப்பரேஷன் எல்லையை விரித்துக்கொண்டே வந்து, ஒரு நாள் காலனியையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டது. உடனே ஆள் வந்து, வீதிகளுக்குப் பெயர் கொடுங்கள், பலகை வைக்கவேண்டும் என்றார்.

காலனி தலைவர் கங்கையா வீட்டுப் போர்டிகோவில் கூட்டம் போட்டார்கள். கங்கையா கிரானைட் வியாபாரம் செய்து ஓய்ந்தவர். எதற்கும் சீக்கிரம் பயந்துவிடுவார், அதைவிடச் சீக்கிரம் சந்தோஷப்பட்டுவிடுவார். ஒருவர் சாமி பெயர் சொன்னார். அந்தச் சாமிக்கு முன்னால் இந்தச் சாமி என்று இன்னொருவர் எழுந்தார். தலைவர்கள் பெயருக்கு வந்தபோது நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. கடைசியில் கங்கையா மேஜையைத் தட்டி, “சாமியும் வேண்டாம், கட்சியும் வேண்டாம். இந்த இடத்தோட சம்பந்தப்பட்ட பேரு ஏதாவது இருந்தா சொல்லுங்கய்யா” என்றார்.

செங்கல்வராயன், தன் பெயரை முருகன் பெயரென்று மட்டும் சொல்லி, தன் வீடு இருந்த மூன்றாவது வீதிக்கு அதை நைசாக நுழைத்துவிடலாம் என்று வந்திருந்தார். சாமி வேண்டாம் என்றதும் அவர் கட்டிய கோட்டை போர்டிகோவிலேயே சரிந்தது. எழுந்து நின்றாகிவிட்டது, எல்லோரும் பார்க்கிறார்கள். உட்கார முடியவில்லை. அப்போதுதான் அந்தக் குரல் தானாக வெளியே வந்தது.

“இந்த இடத்துல ஒரு காலத்துல ஒரு ஏரி இருந்தது” என்றார் தெலுங்கில், நிறுத்தி நிதானமாக. “அதை வெட்டினவர் பேரு செங்கல்வராயன்.”

அவருடைய முழுப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாததால் யாரும் சந்தேகப்படவில்லை. போர்டிகோ அமைதியானது. அந்த அமைதி அவரைக் கெடுத்தது. பஞ்ச காலம் என்றார். ஆடுமாடு செத்து விழுந்தது என்றார். அந்த மனிதர் பெண்டாட்டி நகையை விற்று ஆள் வைத்து மண் எடுத்தார் என்றார். கடைசிக் கூடை மண்ணைத் தலையில் தூக்கியபோது முதல் சொட்டு மழை அந்தக் கூடையில் விழுந்தது என்று முடித்தபோது, அவருக்கே உடம்பு சிலிர்த்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வெங்கடலட்சுமியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கை தட்டி, மூன்றாவது வீதிக்கு அந்தப் பெயர் என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆனது. மற்ற வீதிகளுக்கு என்ன பெயர் என்று யாரும் அப்புறம் சண்டை போடவில்லை. ஏதேதோ பூப்பெயர்களை வைத்துக்கொண்டு காபி குடிக்கப் போனார்கள்.

அவர் மனைவி காஞ்சனாவும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கேட்டாள்.

“அந்தச் செங்கல்வராயன் பொண்டாட்டி நகையை வித்துப்புட்டான்னு சொன்னீங்களே. அவளாச்சும் நகை போட்டுக்கினு இருந்தாளே, புண்ணியவதி.”

“ஒரு பேச்சுக்குச் சொன்னதுடி.”

“பேச்சுக்கு ஒரு குட்டை வெட்டக் கூடாதா? ஏரியே வெட்டணுமா?”

குட்டை வெட்டியவன் பெயரை யார் வீதிக்கு வைப்பார்கள் என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ஒரு வாரம் குற்றவுணர்ச்சி இருந்தது. பிறகு அது குறைய ஆரம்பித்தது, காரணம் அவர் இல்லை. ஏரிக்கு ஆதரவு நாலாபக்கமும் பெருகியதுதான் காரணம்.

வெங்கடலட்சுமியம்மா அவரை வாசலில் நிறுத்தி, தன் மாமியார் சின்ன வயசில் இந்த ஏரியில்தான் துணி துவைத்தார், படிக்கட்டு வழுக்கும் என்று சொல்லியிருக்கிறார் என்றார். கங்கையா, தன் வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கிளிஞ்சல் கிளிஞ்சலாக வந்தது, அப்போது அர்த்தம் தெரியவில்லை, இப்போது தெரிகிறது என்றார். கடைசி வீட்டுக்காரர் மழைக்காலத்தில் தவளைச் சத்தம் கேட்பதை நினைவுபடுத்தினார். எல்லாவற்றுக்கும் செங்கல்வராயன் தலையை ஆட்டினார். ஆட்டி ஆட்டி, ஒரு நாள் மாலை மொட்டைமாடியில் நின்று பார்த்தபோது, கரை இந்தப் பக்கமாகத்தான் போயிருக்கும் என்று தானே கையை நீட்டி அளந்துகொண்டிருப்பதைக் கண்டு திடுக்கிட்டார்.

“இன்னா பாக்கறீங்க?” என்றாள் துணி எடுக்க வந்த காஞ்சனா.

“ஒண்ணுமில்ல. காத்து.”

பலகை வந்தது. நீல நிறத்தில், மேலே தெலுங்கு, கீழே ஆங்கிலம். செங்கல்வராயன் புதுச்சட்டை போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தார். ‘செங்கல்ராயுடு செருவு வீதி’ என்று இருந்தது. செருவு என்றால் தெலுங்கில் ஏரி, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வராயனைக் காணோம். அவர் பெற்றெடுத்த முன்னோர் ஒரே வாரத்தில் தெலுங்கராகி, ராயுடுவாகிவிட்டார். திருத்தச் சொல்லலாமா என்று யோசித்தார். திருத்தச் சொன்னால் ஏன் உங்களுக்கு இவ்வளவு அக்கறை என்று கேட்பார்கள். அதனால் தேங்காய் உடைத்தபோது கை தட்டினார். பலகைக்குக் கீழே நின்று, யாரும் பார்க்காத நேரத்தில், செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். படத்தில் பாதி முகமும், ‘செருவு’ என்ற சொல்லும் மட்டும் விழுந்திருந்தன.

உள்ளூர்ப் பத்திரிகையில் சின்னதாகச் செய்தி வந்தது: பழைய ஏரியின் நினைவாக வீதிக்குப் பெயர். செங்கல்வராயன் அதை வெட்டி வைத்துக்கொண்டார். அதே செய்தியைத் திருப்பதியில் இருக்கும் ஒரு சுற்றுச்சூழல் ஆர்வலரும் படித்தார். அவர் வெட்டி வைத்துக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவோடு இணைத்துக் கொடுத்துவிட்டார். ஏரியை மூடிவிட்டு வீடு கட்டியிருக்கிறார்கள், காலனிவாசிகளே ஒப்புக்கொண்டு பலகையும் வைத்திருக்கிறார்கள், ஆக்கிரமிப்பை அகற்றி ஏரியை மீட்கவேண்டும் என்பது மனு.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கப் போகிறார் என்ற தகவல் கங்கையாவுக்கு வந்தது. கங்கையா வியர்த்து வழிய, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு, செங்கல்வராயன் வீட்டுக்கு ஓடிவந்தார்.

“அண்ணா, ஏரிப் புறம்போக்குன்னு எழுதிட்டாங்கன்னா அவ்வளவுதான். ஜேசிபி வரும். பேங்க் லோன் இருக்குது, பொண்ணு கல்யாணம் இருக்குது. நாலு பக்கமும் இப்ப டிவில இதைத்தானே காட்டறாங்க!”

“உங்க அஸ்திவாரத்துல கிளிஞ்சல் வந்ததுன்னு சொன்னீங்களே?” என்று செங்கல்வராயன் ஈனமான குரலில் கேட்டார். யாராவது ஒருவர் தன்னோடு சேர்ந்து மூழ்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

“அது மேஸ்திரி சுண்ணாம்புக்குக் கொண்டாந்து கொட்டினது, அண்ணா! யாராவது கேட்டாங்கன்னா, நான் அப்படிச் சொல்லவே இல்ல.”

காஞ்சனா சமையலறை வாசலில் வந்து நின்று கணவனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மேல் தாங்க முடியவில்லை. செங்கல்வராயன் கங்கையாவை உட்காரச் சொன்னார்.

“கங்கையா, இங்க ஏரியே கிடையாது. செங்கல்வராயன்னு ஒருத்தர் வெட்டவும் இல்ல. நான்தான் கதை கட்டிவிட்டேன். என் பேரு பலகையில வரணும்னு ஒரு சபலம். அவ்வளவுதான்.”

கங்கையா வாயைப் பிளந்து பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. செங்கல்வராயனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அண்ணா! இந்த ஐடியா எனக்கு வரலையே! காலனிக்காக நீங்க இவ்வளவு பெரிய பழியைத் தலைல போட்டுக்கறீங்களே!”

“ஐடியா இல்ல, உண்மை.”

“இதே மாதிரிதான் சொல்லணும். ஆனா இப்ப சொன்னீங்களே, அது நம்பற மாதிரி இல்ல அண்ணா. கண்ணைப் பாத்துச் சொல்லுங்க. ஏரி கதை சொன்னப்ப எப்படிச் சொன்னீங்க? மயிரு நிக்கலயா எங்களுக்கு! அந்த மாதிரி சொல்லுங்க.”

மறுநாள் கங்கையா வீட்டில் ஒத்திகை நடந்தது. தான் சொன்னது பொய் என்ற உண்மையை எப்படிச் சொல்லவேண்டும் என்று காலனியே கூடி அவருக்குச் சொல்லிக்கொடுத்தது. ‘சபலம்’ என்ற சொல் வேண்டாம், ‘ஆசை’ போதும் என்றார் ஒருவர். கடைசியில் கொஞ்சம் தழுதழுக்கலாம் என்றார் இன்னொருவர். வெங்கடலட்சுமியம்மா மட்டும் ஒரு மூலையில் கோபமாக உட்கார்ந்திருந்தார். தன் மாமியார் துணி துவைத்த ஏரியை எல்லோரும் சேர்ந்து இல்லை என்கிறார்களே என்று அவருக்கு மனத்தாங்கல். பொய்யைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, உண்மையைச் சொல்ல இத்தனை பயிற்சி வேண்டியிருக்கிறதே என்று செங்கல்வராயன் நினைத்துக்கொண்டார். சிரிப்பு வந்தது. சிரிக்காதீங்க அண்ணா, கெட்டுடும் என்றார் கங்கையா.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் மஞ்சு, நடுத்தர வயதுப் பெண்மணி, சர்வேயர் ஒருவரோடு ஜீப்பில் வந்தார். வெயில். பலகையை நிமிர்ந்து படித்துவிட்டு, “யாருங்க இந்த ஏரி கதையைச் சொன்னது?” என்று கேட்டார்.

எல்லோரும் ஒரே சமயத்தில் நகர்ந்துகொள்ள, செங்கல்வராயன் தனியாக நின்றார். வாயைத் திறந்தார். அந்தக் குரல் வரவில்லை. ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு வந்தன.

“ஏரி… இல்ல மேடம். அது நான்… ஆசை. ஒரு பேருக்காக…”

மஞ்சு அவரைக் கூர்ந்து பார்த்தார். பிறகு, சுற்றி நின்ற கூட்டத்தையும், முன்னால் நின்று அவர் உதட்டோடு சேர்ந்து தன் உதட்டையும் அசைத்துக்கொண்டிருந்த கங்கையாவையும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

“பெரியவரே, பயப்படாம சொல்லுங்க. இப்படி மாத்திச் சொல்லச் சொல்லி யாராவது உங்களை மிரட்டினாங்களா?”

“ஐயோ, இல்ல மேடம்!”

“ஏரி இருந்தது!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். வெங்கடலட்சுமியம்மா. “எங்க அத்தை படிக்கட்டுல வழுக்கி விழுந்து காலை உடைச்சுக்கினாங்க!” யாரோ அவர் வாயைப் பொத்தினார்கள். மஞ்சுவின் முகம் இன்னும் கடினமானது. செங்கல்வராயனுக்கு ஜேசிபியின் மஞ்சள் நிறம்கூடத் தெரிந்தது.

காஞ்சனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு டம்ளர் மோர்.

“மேடம், முதல்ல இதைக் குடிங்க. தண்ணி குடுக்கலாம்னா இன்னும் டேங்கர் வரல. நாங்க இங்க குடிவந்ததுல இருந்து டேங்கர்தான். எத்தனை போர் போட்டாலும் புகைதான் வருது. ஏரி மேல வீடு கட்டிக்கினவங்களுக்கு இந்தக் கதியா? அந்த ஏரியை வெட்டினவர் பேரைப் பலகையில படிச்சீங்களே, இதோ நிக்கறாரே, இவருதான். என் வீட்டுக்காரர். செங்கல்வராயன். ஆயுசுல ஒரு தென்னங்கன்னுக்குக் குழி வெட்டினதில்ல.”

மஞ்சு மோரை வாங்கிக்கொண்டு, சர்வேயரைத் திரும்பிப் பார்த்தார். சர்வேயர் தரையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், ஜீப் மூச்சு வாங்க ஏறி வந்த சரிவைப் பார்த்தார்.

“மேடம், இது மேடு” என்றார். “மழை பெஞ்சா ரெண்டு பக்கமும் இறங்கி ஓடிடும். மேட்டு உச்சில யாராவது ஏரி வெட்டுவாங்களா?”

காலனி முழுக்க இத்தனை காலமாக முதல் கியரில் ஏறிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் கை தட்டியவர்கள், பலகை வைத்தவர்கள், செய்தி போட்டவர், மனு கொடுத்தவர், ஒருவருக்காவது காலுக்குக் கீழே குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. கதையைக் கட்டியவருக்கே தோன்றவில்லை. அவர் மாடியில் நின்று கரையை அளந்தவர் ஆயிற்றே.

முதலில் சிரித்தது மஞ்சுதான். மோர் புரைக்கேறியது. பிறகு கங்கையா சிரித்தார், அது அழுகை மாதிரி இருந்தது. கடைசியாக, வேறு வழியில்லாமல், செங்கல்வராயனும் சிரித்தார்.

“அப்ப நிஜமாவே நீங்க கட்டின கதையா அண்ணா?” என்றார் கங்கையா, ஏமாற்றப்பட்டவர் போல. “நான் உங்களைத் தியாகின்னு நினைச்சுக்கினு இருந்தேனே!”

மஞ்சு வாக்குமூலம் எழுதித் தரச் சொன்னார். செங்கல்வராயன் கங்கையா வீட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினார். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்களுக்குத் தெரியவேண்டும், சத்தமாகப் படியுங்கள் என்றார் மஞ்சு. காகிதத்தைக் கையில் எடுத்ததும் பழைய வழக்கம் தொண்டைக்கு வந்துவிட்டது. போர்டிகோ அதிர, நிறுத்தி நிதானமாக, தன் பெயர், நைனா பெயர், பிறந்த ஊர் எல்லாம் சொல்லி, ‘என் பெயர் மீது எனக்கிருந்த ஆசையால், இல்லாத ஏரியை இருந்ததாகச் சொன்னேன். இதனால் யாருக்காவது வந்த தொல்லைக்கு நானே பொறுப்பு’ என்று படித்து முடித்தார். வேலூர் பஸ்ஸில் ஏறப் போகிறவர்களைப் போல எல்லோரும் அசையாமல் கேட்டார்கள். வெங்கடலட்சுமியம்மா இந்த முறையும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மனு தள்ளுபடியாயிற்று. பலகையைக் கழற்றிவிட்டு, மூன்றாவது வீதி என்று வேறு பலகை வைத்தார்கள். அதனால் ஒன்றும் பயன் இல்லை. ஆட்டோக்காரர்களும் பார்சல் கொண்டுவருகிறவர்களும் ‘செருவு வீதி’ என்றே சொன்னார்கள். மேடேறி வந்து, ஏரி எங்கே என்று கேட்டவர்களுக்குக் காலனிப் பிள்ளைகள் செங்கல்வராயன் வீட்டைக் கைகாட்டினார்கள். கொஞ்ச நாள் அவர் வெளியே தலைகாட்டவில்லை. கங்கையா பேசாமல் இருந்தார், தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸோடு வந்து பேசிவிட்டார். டேங்கர்க்காரர் மட்டும் தினமும் ஹாரன் அடித்து, “செருவு சார், தண்ணி வந்துடுச்சு!” என்று கூவினார். நாளாவட்டத்தில் அதற்கும் செங்கல்வராயன் பழகிக்கொண்டு, “நம்ம ஏரில ஊத்திட்டுப் போப்பா” என்று குடத்தை நீட்டினார்.

தை பிறந்த பிறகு ஒரு நாள் திருப்பதியிலிருந்து இரண்டு பேர் காரில் வந்தார்கள். ஒருவர் யஸ்வந்த், ரியல் எஸ்டேட் செய்கிற இளைஞர். இன்னொருவர் அவருடைய கூட்டாளி. ரேணிகுண்டா பக்கம் புதிதாக மனை பிரித்திருக்கிறார்களாம். வீதிகளுக்குப் பெயர் வைக்கவேண்டும், சும்மா பெயர் வைத்தால் கஸ்டமர் மனசில் நிற்காது, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கதை வேண்டும், உங்களைப் பற்றிச் சித்தூரில் ரொம்பச் சொன்னார்கள் என்றார் யஸ்வந்த், மிகுந்த மரியாதையோடு.

“என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?”

“எல்லாம் சொன்னாங்க சார். கதை அந்த மாதிரியே இருக்கட்டும். ஆனா தண்ணி மட்டும் வேண்டாம்.”

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. செங்கல்வராயன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தம்பி, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர் வெச்சுக்குங்க. அதுதான் நல்லது.”

“நம்பருக்கு என்ன சார் கதை?”

“முதல்ல வர்றது ஒண்ணு. அடுத்து வர்றது ரெண்டு. இதான் கதை.”

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிக் காபியோடு எழுந்தார்கள். பாத்திரச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது, கொஞ்சம் சந்தோஷமான வேகத்தில். செங்கல்வராயன் மரியாதைக்குக் கேட் வரை கூடப் போனார். தன்னை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. ஒரு மனிதன் திருந்தினால் இப்படியல்லவா திருந்தவேண்டும்! கார்க் கதவைத் திறந்து யஸ்வந்த் உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

செங்கல்வராயன் வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு கார் ஜன்னலில் கையை ஊன்றிக் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“தம்பி, உங்க மனைக்குப் பக்கத்துல பெரிய பாறை ஏதாச்சும் இருக்குதா?”